காய்ச்சலை நம்பாத கிறிஸ்டினா

"கும்மிடிப்பூண்டிலேர்ந்து சென்ட்ரல் வரிக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லு தம்பி. நடுவுல நிறுத்தக் கூடாது."

கொரோனா வார்டில் படுத்திருக்கும் உருக்காலைத் தொழிலாளி சிரித்தபடி தொடங்குகிறார். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு... மீஞ்சூரைத் தாண்ட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. "போதும், கவுந்து படு, அப்பத்தான் மூச்சு நல்லா எறங்கும்" என்று ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிடுகிறார் செவிலியர் கிறிஸ்டினா.

சொந்த ஊர் கவரைப்பேட்டை. பெரிய குரல், பாதுகாப்பு உடைக்குள்ளிருந்து பேசினாலும் வராந்தா வரை கேட்கும். வேர்வையில் கரைந்துவிடும் என்று தெரிந்தும் கண்ணுக்கு மை தீட்டாமல் வார்டுக்குள் வரமாட்டார். "மூஞ்சில வெளிய தெரியறதே கண்ணு ஒண்ணுதான். அதுவும் அழுது வடிஞ்சா பேஷண்ட் பயந்துக்குவான்."

நோய் எல்லாரிடமும் ஒரே முகத்தோடு வருவதில்லை என்பது அவர் வார்டில் கண்டது. "சின்ன வயசுக்காரனுக்குக் காய்ச்சலு, வறட்டு இருமலு. ஆம்பளைங்க மூச்சு முட்டினாலும் ஒண்ணியும் இல்லம்பாங்க. பொம்பளைங்களுக்கு ரசத்துல வாசனையே வராது, ஆனா ஊட்ல எல்லாரும் துன்னப்புறம்தான் அதைச் சொல்லுவாங்க. வயசானவங்களுக்குச் சமயத்துல காய்ச்சலே இருக்காது. அதான் பேஜாரு."

இரண்டாம் அலையில் கடம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மணவாளனும் அவர் மனைவி திலகவதியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எழுபதைத் தாண்டிய நெல் விவசாயி அவர். திலகவதிக்குத்தான் வாந்தி, உடம்பு வலி, புலம்பல். எல்லார் கவனமும் பெண்கள் வார்டில் இருந்தது. ஆண்கள் வார்டில் இருந்த மணவாளனுக்குத் தொற்று உறுதியானதோடு சரி, காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை.

ஒரு காலை, இட்லியை நீட்டிய கிறிஸ்டினாவிடம் அவர் கேட்டார்: "கழனிக்குத் தண்ணி கட்டினியாம்மா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். "வயசாச்சில்ல."

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. முந்தின நாள்வரை தெளிவாகப் பேசிய மனிதர். அடுத்த முறை அளவெடுக்க இன்னும் நேரமிருந்தும் உடனே அவர் விரலில் கருவியை மாட்டினார். ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

மருத்துவர் ஓடிவந்தார். முகமூடி மாட்டினார்கள், மணவாளன் பிடுங்கி எறிந்தார். மறுபடி மாட்டினார்கள், "நாத்து வாடுது, உடுங்கடா" என்று எழப் பார்த்தார். கையைக் கட்டிவிடலாமா என்று மருத்துவர் யோசித்தார்.

"வேணாம் சார். இவருக்கு ஆளு கீது."

பெண்கள் வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் திலகவதியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார் கிறிஸ்டினா. விதிப்படி கூடாது. தலை நிற்காத நிலையிலும் திலகவதி போட்ட அதட்டலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"யோவ், இன்னாய்யா புடுங்கிக்கினு கீற? தண்ணியெல்லாம் நம்ம குணா கட்டிட்டான். கம்முனு கவுந்து படு!"

மணவாளனின் கண்கள் குரல் வந்த திசையைத் தேடின. மனைவியைக் கண்டதும் கை தளர்ந்தது. மெல்லப் புரண்டு கவிழ்ந்து படுத்தார். திலகவதி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அளவு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பிறகு ஒருநாள், மகன் குணா கொண்டுவந்த ஆட்டோவில் இருவரும் சண்டை போட்டபடியே ஊர் திரும்பினார்கள்.

ஆனால் அளவு தொண்ணூறைத் தாண்டிய அந்தச் சாயங்காலம் இன்னும் ஒன்று நடந்தது. மேற்பார்வைக்கு வந்த பெரிய மருத்துவர் வாசலில் நின்று கேட்டார்: "ஆண்கள் வார்டுல எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?"

"எல்லாம் கரெக்டா கீது சார்" என்றார் கிறிஸ்டினா. சொல்லிக்கொண்டே பின்னால் கையை நீட்டி, திலகவதியின் சக்கர நாற்காலி இன்னும் நின்றிருந்த மணவாளன் படுக்கையின் திரையை இழுத்து மூடினார்.