பலாலியிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம்

ஹமீமா பயந்து யாரும் பார்த்ததில்லை. மாத்தளை கொங்காவலையில் தன் வீட்டுக் கொல்லைக்கு வந்த புடையன் பாம்பை விளக்குமாற்றாலேயே அடித்துப் போட்டவள். கடைத்தெருவில் சண்டை நடந்தால் நடுவே புகுந்து நடந்து போகிறவள். அப்படிப்பட்டவளைத்தான் 1962இல் ஒரு விமானம் ஒரு பகல் முழுக்க ஆட்டிப்படைத்தது.

அவளுடைய புருஷன் லாபிர் பாக்கு வியாபாரி. யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு கொண்டுபோனால், திரும்பும்போது பஸ்ஸில் ஏறி, பலாபத்வல தாண்டி, வீட்டு வாசலிலேயே இறங்கலாம். மனிதருக்கு விமானத்தில் ஏறும் பைத்தியம் பிடித்துவிட்டது. பலாலியில் ஏறி இரத்மலானையில் இறங்கப் போகிறாராம். கொழும்புப் பக்கம் பறந்துபோய், அங்கிருந்து ரயிலில் மலையேறி வீட்டுக்குத் திரும்புவதில் என்ன லாபம் என்று கேட்கக் கூடாது. "இருநூறு மைல். ஒன்றேகால் மணித்தியாலம்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டே போனார்.

ஹமீமாவின் காதில் விழுந்தது அந்த ஒன்றேகால் மணித்தியாலம் மட்டும்தான். காலையில் ஏறுகிறவர் பகல் சோற்றுக்கு வந்துவிடுவார் என்று கோழிக்கறி ஆக்கி வைத்தாள். மதியத்து லுஹர் பாங்கு கேட்டது. பின்னேரத்து அஸர் பாங்கும் கேட்டது. கறி ஆறிப்போனது. அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

அவளுடைய நானா முத்தலிப் வந்து பார்த்துச் சிரித்தார். "பிளேன் நம்ம வாசல்லயா இறங்கும், தங்கச்சி? இரத்மலானையில இருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு வரணும், ரயில் ஏறணும். அந்திக்குத்தான் மச்சான் வருவாரு."

கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தி ரயிலுக்கு முத்தலிபே ஸ்டேஷனுக்குப் போனார். தண்டவாளம் மாத்தளையோடு முடிகிறது, வந்தவர்கள் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். எல்லாரும் இறங்கினார்கள். லாபிர் இல்லை.

நானா தனியாகத் திரும்பி வருவதைக் கண்டதும் ஹமீமா இரண்டு கையையும் ஏந்தினாள்.

"யா அல்லாஹ், அந்தப் பிளேன்ல இருந்து அவரை உசிரோட இறக்கிவிட்டா, பள்ளிவாசல்ல எல்லாருக்கும் பெரிய சஹன் தட்டுல சோறு வைக்கிறேன்" என்று நேர்ச்சை வைத்தாள்.

மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், வடக்கே நாவுலப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று வாசலில் நின்றது. தலையெல்லாம் செம்மண் புழுதியோடு லாபிர் இறங்கினார். ஹமீமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு அழுகையோடு சிரித்தாள்.

"ஏணி வரைக்கும் போனேன். அந்த இரைச்சலைக் கேட்டதும் காலு வரல்ல. பஸ்ஸப் பிடிச்சிட்டேன்" என்றார் லாபிர், செருப்பைப் பார்த்தபடி.

முத்தலிப் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஹமீமா திட்டவில்லை. நாளைக்கு நேர்ச்சைச் சோறு ஆக்க வேண்டும், அரிசி எடுத்துவாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

"நான்தான் பிளேன்ல ஏறவே இல்லியே. பிறகு என்ன நேர்ச்சை?"

ஹமீமா கறிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"நீங்க ஏறல்ல. நான் காலையில இருந்து அதுலதான் இருந்தேன். இப்பதான் இறங்கினேன்."