இரண்டாவது சீட்டில் கோதுமை மூட்டை

மின்யிப் ஊரில் ரேலீன் பெட்செலைத் தெரியாத ஆள் கிடையாது. அறுவடைக் காலத்தில் யாருடைய கதிரறுக்கும் வண்டி நடுவயலில் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். திட்டிக்கொண்டே வருவாள், திட்டிக்கொண்டே பிரிப்பாள், வண்டி உறுமியதும் ஒரே ஒரு தடவை சிரித்துவிட்டுப் போவாள். "தானா போன கோளாறு தானா திரும்பி வரும். காரணம் தெரியாம வண்டியை எடுக்காதே" என்பது அவள் ஊருக்கெல்லாம் ஓதும் மந்திரம். அந்த மந்திரம் ஒருநாள் அவள் தலையிலேயே வந்து விழுந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இளவயதில் அவள் மண் தடத்தில் கார் ஓட்டிப் பந்தயம் போனவள். அந்தக் காரில் ரோட்டரி எஞ்சின். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் அந்தக் குதிப்பே இல்லை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி, மூன்று மூலை வைத்த இரும்பு ஒன்று உள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வரும். சின்ன எஞ்சின், பெரிய சத்தம், அதைவிடப் பெரிய சூடு. ஒரு வருஷம் பெண்கள் பந்தயத்தில் ரேலீன் முதலாவதாக வந்தாள். ஆண்களில் ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். இவளுக்குக் கொடுத்தது, கண்ணாடி மூடி போட்டு மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டி. வாங்கிக்கொண்டாள். ஆனால் இன்றுவரை அதில் ஒரு முட்டைகூட அவித்ததில்லை. அவளைக் கட்டிக்கொண்ட நெவில்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதில் ஆட்டுக் கழுத்துக்கறி வைப்பான். "நான் அந்தச் சட்டியைத்தான் கட்டிக்கிட்டேன், கூடவே இவளும் வந்துட்டா" என்று யார் வந்தாலும் சொல்லுவான்.

நெவில் பள்ளிக்கூட பஸ் டிரைவர். பொறுமைக்காரன். ரேலீன் தன் ஷெட்டில் விமானம் கட்டப் போகிறேன் என்றபோதுகூட, "மழைக்கு முன்னாடி கூரை ஓட்டையை அடைச்சிட்டு ஆரம்பி" என்றான், அவ்வளவுதான். மோதி நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து அதே ஜாதி ரோட்டரி எஞ்சினை எடுத்து, அதற்கு டர்போவும் வைத்தாள். டர்போ என்றால், வெளியே போகிற புகையைச் சும்மா விடாமல் அதைக்கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். வேலை செய்யும்போது நெருப்புக் கங்கு மாதிரி சிவந்து நிற்கும். வருஷக்கணக்கில் நெவில் ஆணி பிடித்தான், பலகை பிடித்தான், டீ கொண்டுவந்தான். இரண்டு சீட் வைத்த விமானம் எழுந்து நின்றது. இடது சீட் அவளுக்கு. வலது சீட் யாருக்கென்று அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாமே.

சோதனை ஓட்டம் முடியும்வரை வேறு ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆனால் எடை வேண்டும். அதனால் வலது சீட்டில் ஒரு கோதுமை மூட்டையை உட்காரவைத்து பெல்ட் போட்டாள். பக்கத்து வயல்காரன் டெஸ், அவனும் ஒரு விமானப் பைத்தியம், மூட்டையின்மேல் கறுப்பு மையால் 'நெவ்' என்று எழுதிவிட்டான்.

"இந்தப் புருஷன் நல்லவன் ரே. பேசவே மாட்டேங்கிறான்."

"குறட்டையும் விடமாட்டான்" என்றாள் ரேலீன்.

சோதனை ஓட்டங்கள் முடிந்தன. மூட்டையை இறக்கலாம் என்றிருந்தபோதுதான் கோடை வந்தது, கூடவே கோளாறும் வந்தது. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, திடீரென்று இருமும். மூச்சு முட்டினவன் மாதிரி திக்கித் திணறும். வேகம் கூட்டும் திராட்டில் பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மறுபடி முழுசாகக் கொடுத்தால் மறுபடி இருமல். மூன்று முறை அப்படி ஆகி, மூன்று முறையும் பத்திரமாக இறங்கினாள். தரையில் எஞ்சின் மூடியான பானெட்டைக் கழற்றிவைத்து ஓட்டிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஒரே சீரான ரீங்காரம்.

ரேலீன் யோசித்துப் பார்த்து, பிளக்குக்கு நெருப்பு கொடுக்கும் காயில்களை மாற்றினாள். பெட்ரோலைத் தள்ளும் பம்பையும் மாற்றினாள். மேலே போனாள். இருமல் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. சமையலறைக்கு வந்து நெவில் முன்னால் நின்றாள்.

"நின்னுடுச்சு."

"எதனால நின்னுச்சு?"

"ரெண்டையும் மாத்தியாச்சு."

"ரெண்டுல எது?"

"எதுவா இருந்தா உனக்கென்ன நெவ்? நின்னுடுச்சா இல்லையா?"

நெவில் கேரட்டை நறுக்கிக்கொண்டே சொன்னான். "பஸ் நின்னா இறங்கி டயர்ல ஒரு உதை விடுவேன். அங்க எங்க இறங்குறது? காரணத்தைச் சொல்லு, ஏறிக்கிறேன். தானா போனது தானா திரும்பி வரும்னு நான் சொல்லல, ஊரெல்லாம் நீதான் சொல்லிட்டுத் திரியுற."

ரேலீன் கதவை அறைந்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். அங்கே டெஸ் இருந்தான்.

"இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறியே! காயில்தான்னு சொல்லிடு. அவனுக்குக் காயிலும் தெரியாது கத்திரிக்காயும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே டெஸ்."

"என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும்."

பொய் சொல்லி ஏற்றியிருக்கலாம். அவன் நம்பி ஏறியும் இருப்பான். அப்படி ஏற்றின சீட்டில் மூட்டை இருந்தால் என்ன, மனுஷன் இருந்தால் என்ன? ரேலீன் வேறு வேலை செய்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை மறுபடியும் கெடுக்கக் கிளம்பினாள். புதுக் காயில்களைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினாள். மூட்டையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தன் ஓடுபாதைக்கு நேர் மேலேயே, நின்றுபோனாலும் சறுக்கி இறங்கிவிடும் உயரத்தில், வட்டமடித்தாள். இருமல் வரவில்லை. புதுக் காயிலை மாட்டிப் பழைய பம்பைப் போட்டாள். அப்போதும் வரவில்லை. பழையது இரண்டையும் சேர்த்துப் போட்டாள். பாழாய்ப்போன எஞ்சின் பிறந்தநாள் குழந்தை மாதிரி சந்தோஷமாக ஓடியது.

நோய் போனதற்கு அழுகிறவளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ரேலீன் கிட்டத்தட்ட அந்த நிலைமைக்கு வந்துவிட்டாள். பிடித்து வைத்த இரண்டு திருடர்களும் நிரபராதி. திருடன் வெளியே எங்கேயோ இருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கோப்பையோடு பின்வாசலில் நின்றாள். நெவில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கூண்டில் பிஷப் என்று ஒரு சேவல். உள்ளே காலை வைத்தால் முழங்காலைக் கொத்தும். அதனால் நெவில் வெளியே நின்றபடியே, கம்பி வலைக்குள் ஒரு தடித்த கறுப்புக் குழாயைச் செருகி, அது வழியாகக் கோதுமையைக் கொட்டுவான். ரேலீன் அதைப் பார்த்தாள். டீ வாய்க்குப் போகவில்லை.

"அந்தக் குழாய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உன் ஷெட் குப்பையிலேர்ந்து. ஏன், குப்பை பொறுக்கவும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

காற்று வடிகட்டும் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருந்த குழாய் அது. காயிலைக் கழற்றக் கை போகவேண்டுமென்றால் முதலில் அந்தக் குழாயை எடுக்கவேண்டும். காயில் மாற்றின அன்று அப்படித்தான் எடுத்தாள். அதன் வாய் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. சுவரில் கம்பிச் சுருள் வைத்த குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, தானியம் உறிஞ்சும் இயந்திரத்தின் மிச்சம். அளவாக வெட்டி மாட்டிவிட்டுக் காயில் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குழம்பு வைக்கும்போது நடுவில் மேடையைத் துடைக்கிறோம், அதைப் பக்குவத்திலா சேர்க்கிறோம்? ஊரார் வண்டியைப் பிரித்தால் ஒரு வாஷர்கூடத் தவறாமல் துணியில் பரப்பிவைப்பவள், தன் வண்டியில் கோட்டைவிட்டாள். மாற்றியது இரண்டல்ல, மூன்று.

வலையிலிருந்து குழாயை உருவினாள். மிச்சக் கோதுமை அவள் செருப்பின்மேல் கொட்டியது. பிஷப் கோபத்தில் வலையில் பாய்ந்தது.

"அவன் சாப்பாடு ரே!"

"அவன் தட்டுல சாப்பிடட்டும்."

குழாயைக் கழுவி, பழைய இடத்திலேயே மாட்டி, விமானத்தின் வாலை டிராக்டரோடு சங்கிலியால் கட்டினாள். சத்தம் கேட்டு டெஸ்ஸும் வந்துவிட்டான். பானெட்டைக் கழற்றியே வைத்துக்கொண்டு முழு வேகம் கொடுத்தாள். புல்லெல்லாம் படுத்தது, டெஸ்ஸின் தொப்பி வேலி தாண்டியது. எஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

"இதுவும் இல்லையா?" என்றான் டெஸ், தொப்பியோடு திரும்பி வந்து.

ரேலீன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாயைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. இத்தனை நாளும் கோளாறைத் தேடும்போதெல்லாம் அவள் செய்த முதல் வேலை, கண்ணுக்குத் தெரியட்டும் என்று பானெட்டைக் கழற்றுவது. கழற்றினதும் காற்று வந்து எல்லாவற்றையும் ஆற்றிவிடும். கோளாறு குடியிருந்ததே அந்த மூடியின் புழுக்கத்துக்குள்தான். பானெட்டைத் தூக்கி மாட்டி, திருகுகளை முடுக்கி, மறுபடி முழு வேகம் கொடுத்தாள். சூட்டுமானியின் முள் ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு இருமியது. திராட்டிலை இழுத்தாள், நின்றது. கொடுத்தாள், இருமியது.

நெவில் காதிலிருந்து கையை எடுத்தான். "அதேதானா?"

"அதேதான். குழாய்தான்."

"அப்போ தெரிஞ்சுபோச்சு. அந்தச் சனியனைப் பிஷப்கிட்டயே குடுத்துடு. நான் ஏறிக்கிறேன்."

"இன்னும் தெரியல."

"குழாய்தான்னு இப்பத்தானே சொன்ன!"

"எதுன்னு தெரியும். உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியல. புதுக் குழாயும் அடுத்த கோடையில இதையே பண்ணினா?"

"நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சாச்சு ரே."

"நான் கேட்டதுக்குக் கிடைக்கல."

சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துவந்தாள். அந்தப் பானெட்டை இரண்டு குளிர்காலம் தேய்த்து வழுவழுப்பாக்கி, வெண்ணெய் நிறம் அடித்து, சிவப்புக் கோடு போட்டவள் அவளேதான். "வேண்டாம் ரே, பாவம் அது" என்று நெவில் கெஞ்சினான். பானெட்டின் மேல்பக்கத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிற இடமாகக் குறித்து, அகலமாக வட்டம் வெட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பல்லை மட்டும் கடித்துக்கொண்டாள். ஓட்டையை அப்படியே விட்டால் சூடு வெளியேறிவிடும். பிளாஸ்டிக் வைத்தால் உருகிவிடும். நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ரே! கறி வேகுது! மூடியை எடுக்காதே!"

"அது நான் ஜெயிச்ச மூடி."

சட்டியின்மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடி மூடியோடு வெளியே வந்தாள். ஓட்டைமேல் வைத்து, சுற்றிலும் சூடு தாங்கும் உலோக டேப்பை வரிவரியாக ஒட்டினாள். டெஸ் தீயணைக்கும் சிலிண்டரோடு தள்ளி நின்றான். ரேலீன் இடது சீட்டில் ஏறினாள்.

"எனக்கும் காட்டு" என்றான் நெவில். இறக்கைமேல் ஏறி எட்டிப் பார்த்தான். சரியாகத் தெரியவில்லை. "இந்த மூட்டையை நகர்த்தேன்." டெஸ் வந்து மூட்டையைத் தூக்கி வெளியே போட்டான். நெவில் உள்ளே இறங்கிக் கழுத்தை நீட்டினான்.

எஞ்சின் சூடேறியது. கண்ணாடிக்கு அடியில், உச்சி வெயில் வெளிச்சத்தில், கறுப்புக் குழாய் உருண்டையாகத் தெரிந்தது. முழு வேகம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாயின் வயிறு மெல்ல உள்வாங்கியது. பொக்கைவாய்க்காரர் கெட்டியான பானத்தை உறிஞ்சும்போது கன்னம் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இருமியது. சூட்டில் இளகின ரப்பர், டர்போ இழுக்கிற இழுப்பைத் தாங்கமாட்டாமல் தானே தன் தொண்டையை அடைத்துக்கொண்டது. திராட்டிலை இழுத்ததும் பொசுக்கென்று உருண்டையாகிவிட்டது. ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி!

"அடப் பாவி!" என்றான் நெவில். "இன்னொரு வாட்டி பண்ணு."

பண்ணினாள்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது தடவைக்குப் பிறகு எஞ்சினை அணைத்தாள். புரொப்பல்லர் நின்றது. எங்கும் அமைதி. கருகின வாடை வந்தது, அது வீட்டுப் பக்கமிருந்து.

"நெவ்."

"ம்?"

"நீ எங்க உக்காந்திருக்கேன்னு தெரியுதா?"

நெவில் குனிந்து தன் மடியைப் பார்த்தான். பெல்ட்டைக்கூட மாட்டியிருந்தான், பஸ் டிரைவர் பழக்கம். வெளியே புல்தரையில் 'நெவ்' என்று எழுதின மூட்டை குப்புறக் கிடந்தது.

"கறி அடிபிடிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னான். இறங்க அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு கம்பி வைத்த நல்ல குழாய் வந்தது. டர்போவின் சூடு குழாய்மேல் படாமல் தடுக்க ஒரு தகடும் வந்தது. கண்ணாடி மூடி ஒட்டின பானெட்டோடு, டிராக்டரில் கட்டியபடி, கொளுத்தும் பகலில் ஓட்டிப் பார்த்தாள். குழாய் அசையவில்லை. சட்டிமூடி டேப் பிசின் ஒட்டின விளிம்போடு சமையலறைக்குத் திரும்பியது. பானெட் ஓட்டையை அடைத்துச் சாயம் பூசித் தருகிறேன் என்று டெஸ் வந்தான். நெவில் விடவில்லை. அங்கே சூடு தாங்கும் கண்ணாடி ஒன்றைத் திருகு போட்டுப் பொருத்தச் சொன்னான். அது இல்லாவிட்டால் ஏறமாட்டானாம். இதற்குமேல் அவனோடு யார் மல்லுக்கட்டுவது? பொருத்தினாள்.

காற்றில்லாத ஒரு காலையில் இருவரும் கிளம்பினார்கள். தரை கீழே இறங்கிப் போனது. அறுத்த வயல்கள் மஞ்சளாக விரிந்தன, தானியக் கிடங்குகள் வெள்ளைக் குவளைகள் போல நின்றன, நெவில் தினமும் பஸ் ஓட்டுகிற சாலை நூல் மாதிரி நீண்டு கிடந்தது. இந்த ஒரு காட்சியை அவனுக்குக் காட்டத்தான் ரேலீன் இத்தனை வருஷம் ஆணி அடித்தாள்.

"கீழ பாரு நெவ்! நம்ம வீடு! கோழிக்கூண்டுகூடத் தெரியுது!"

நெவில் முன்னால் இருந்த கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ வீட்டைப் பாரு" என்றான். "நான் குழாயைப் பாத்துக்கறேன்."