தேவராஜ் அண்ணன் கேட்கும் இரண்டு கேள்விகள்

தேவராஜ் அண்ணன் போன செய்தி எனக்கு ஒரு வாடிக்கையாளர் அழைப்பாகத்தான் வந்தது. குன்றத்தூரில் எங்கள் ஓவன் சர்வீஸ் சென்டரில் போனை எடுத்து ஆட்களை வீடுகளுக்கு அனுப்புவது என் வேலை. "உங்க ஆளு ஓவனாண்ட வுழுந்து கெடக்குறாரும்மா, கூப்டா பேச மாட்றாரு" என்று ஒரு அம்மா சொன்னார். முகவரியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் முதலில் கேட்பார்: "இதுக்கு ஸ்விட்ச் எங்க கீது?" புது ஃபிளாட்டுகளில் ஓவனை அலமாரிக்குள் பதித்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் வெளியே தெரிந்தால் டைல்ஸின் அழகு கெட்டுவிடுமாம். அதையும் ஓவனுக்குப் பின்னால் வைத்துப் பலகை அடித்துவிடுகிறார்கள். சிலர் அதுகூட இல்லாமல் ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "கைக்கு எட்டாத ஸ்விட்ச்சு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா" என்பார் அண்ணன். அப்படிப்பட்ட வீடுகளில் வாசலருகே இருக்கும் மெயினை இறக்கிவிட்டு, அதன் கீழே நாற்காலி போட்டு வீட்டு ஆளையே காவலுக்கு உட்கார வைப்பார். நாங்கள் அதை வாட்ச்மேன் டியூட்டி என்று கேலி செய்வோம்.

இரண்டாவது கேள்வி, வீட்டில் நைட் ஷிப்ட் ஆள் யாராவது தூங்குகிறார்களா என்பது. வல்லம் வடகாலில் ஒருமுறை, அப்படித் தூங்கிய ஒருவர் எழும்வரை அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்காகக் காத்திருந்த அடுத்த வாடிக்கையாளர் என்னைத் திட்ட, நான் அண்ணனைத் திட்டினேன். "ஃபேன் நின்னா எழுந்துக்குவாம்மா. பாதி தூக்கத்துல வந்து மெயினைத் தூக்கி வுட்ருவான். அவனை இன்னா சொல்றது?" என்றார்.

அவர் விழுந்து கிடந்த ஒரகடத்து வீட்டிலும் இரண்டையும் கேட்டிருக்கிறார். மணிமங்கலத்தில் அவர் சாவுக்கு வந்த, எனக்குப் போன் செய்த அந்த அம்மாவே இதைச் சொன்னார். ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால் இருந்ததாம். மகன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தானாம். பிறகு வருகிறேன் என்று கிளம்பியவரை, மறுநாள் மகளுக்கு வளைகாப்பு என்று சொல்லிக் கெஞ்சி நிறுத்தினாராம். அண்ணன் மெயினை இறக்கி, அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓவனைக் கழற்றியிருக்கிறார். கீழே கேஸ் சிலிண்டர் வந்தது. அந்த அம்மா இறங்கிப் போன நேரத்தில், வேர்த்து எழுந்த மகன் மெயினைத் தூக்கிவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிட்டான். ஒயர் அண்ணன் கையில் இருந்தது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. டைல்ஸின் அழகைப் பார்த்தவர்கள்மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு கேள்விகள்தான். ஆளை அனுப்புவதற்கு முன்பு இப்போது போனிலேயே கேட்டுவிடுகிறேன். போன வாரம் அந்த வீட்டிலிருந்தே அழைப்பு வந்தது. ஓவனைக் கழற்றி எடுத்துப் போய்விட வேண்டுமாம். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிறாற்போல வைத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அடுத்த கேள்வியை விட்டுவிட்டு, ஆள் வரும் நேரத்தைச் சொன்னேன். அண்ணன் கேட்டது அவருக்கும் மறந்திருக்காது.

"என் புள்ள இப்ப தூங்குறதே இல்லம்மா" என்றார்.