இருபத்தேழு பொன்வண்டுகள்

அலாவுதீன் தீப்பெட்டியை உடனே திறக்க மாட்டார். வலது காதருகே கொண்டுபோய் இரண்டு முறை ஆட்டுவார். குச்சிகள் சலசலத்தால் பீடியைப் பற்றவைத்துவிட்டுத் திருப்பித் தருவார். டீக்கடையில் யாருடைய பெட்டியானாலும் இதுதான்.

சிவகாசியில் நான் பிழை திருத்தும் அச்சகத்தில் அவர் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ஐப்பசி பிறந்தால் ஞாயிறுதோறும் சைக்கிளில் தாயில்பட்டிப் பக்கம் போய், கொடுக்காப்புளி மரங்களில் பொன்வண்டு பிடிப்பார். ஒரு வண்டுக்கு ஒரு காலித் தீப்பெட்டி. வண்டு செத்துக் காய்ந்த பிறகும் அதிலேயே இருக்கும். பெட்டியின் அடியில் தேதி, மரம், முதல் மழை பெய்து எத்தனை நாள் என்று எழுதுவார். மழை பெய்து எத்தனையாவது நாள் வண்டு வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. மூன்று வருடத்தில் இருபத்தேழு பெட்டி. நோட்டில் எழுதலாமே என்றேன்.

"வண்டு ஒரு எடத்துல, தேதி ஒரு எடத்துல இருந்தா யாரு நம்புவா தம்பி."

2004இல் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த இராமகிருஷ்ணன், விருதுநகர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திங்கக்கெழம பெட்டியக் கொண்டு வாங்க. சரியா இருந்தா காலேஜ் மலர்ல ஒங்க பேரோட போட்டுருவோம்" என்றார். பதினெட்டு வருடமாக அடுத்தவர் பெயர்களை ஓரம் பார்த்து வெட்டியவர் அலாவுதீன். அன்று மதியம் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, ஓலைக் கொட்டானில் வரிசையாக அடுக்கினார். அவர் மனைவி அக்தர் பேகம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர். அந்த வீட்டுக் கொட்டான்கள் எல்லாமே ஒட்டிய காலிப் பெட்டிகளைப் போட்டுவைக்கத்தான். சனிக்கிழமை ஏஜெண்ட் சுந்தரபாண்டி வழக்கம்போல எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, குச்சி அடைக்கும் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார்.

"இங்கன கொட்டான்ல இருந்த பெட்டியெல்லாம் எங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"லோடுல போயிருச்சே. நீங்க எப்ப ஒட்டிப் பழகுனீகன்னு நெனச்சேன். அடுக்கு நல்லா இருந்துச்சு."

"ஆட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

"காலிப் பெட்டிய யாரு ஆட்டிப் பாப்பா?"

திங்கட்கிழமை வெறுங்கையோடு விருதுநகர் போனார். எல்லாவற்றையும் வாயால் சொன்னார். சொன்னால் போதாது, வண்டு வேண்டும் என்றார் ஆசிரியர். மலர் வந்தது. அலாவுதீன் பெயர் இல்லை.

குச்சி அடைக்கிற அவசரத்தில் ஒரு பெட்டியாவது தப்பிக் கடைக்கு வந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அதிலிருந்துதான் இந்த ஆட்டல். ஐப்பசி ஞாயிறுகளில் இன்னும் போகிறார். புதிதாகப் பதினாறு சேர்ந்திருக்கிறது. இந்த முறை எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

போன மாதம் சாத்தூர் பஸ்ஸில் எனக்குச் சுந்தரபாண்டி பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பெட்டிகள் கடைக்கே போகவில்லையாம். கம்பெனிப் பெண்கள் அன்றைக்கே திறந்து, வண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். எழுத்து இருந்த பெட்டிகள் அடுப்புக்குப் போயின.

"அடுத்த சனிக்கெழமயே அக்தர் அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "அவுககிட்டச் சொல்லிறாதீக, தெரிஞ்சா அப்புறம் சைக்கிள எடுக்க மாட்டாகன்னாக."