கை நீண்ட ஸ்வெட்டர்

என் கணவரைத் திருடனாக்கப் பார்த்தவள் நான்தான். அதுவும் ஒரு ஸ்வெட்டரைத் துவைத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். குடியிருந்தது போடியில். அவருக்குக் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு; சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். திங்கட்கிழமை மலையேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். நெஞ்சுச் சளிக்காரர், குளிரில் இளைப்பு வந்துவிடும். கம்பளி போர்த்தினாலோ உடம்பெல்லாம் தடித்துச் சொறிவார்.

அந்தச் சமயம் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரர் சீமைக்கே கிளம்பிவிட, வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஏலக்காட்டிலேயே ஏலமா என்று சிரித்துக்கொண்டு போனவர், சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றோடு வந்தார். காஷ்மீர்ப் பக்கத்து ஆட்டுக்கு மேல்முடிக்கு அடியில், குளிருக்கென்றே முளைக்கும் பூமுடியில் பின்னியதாம். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சைத் தொட்ட மாதிரி இருந்தது. அதைப் போட்ட பிறகு அவருக்குச் சொறியும் இல்லை, இளைப்பும் இல்லை. அந்த ஆடு எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரர் அவரிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "சோடாவப் போட்டுக் கல்லுல அடிச்சுறாதீக. பச்சப்புள்ளையக் குளுப்பாட்டுற மாதிரி குளுப்பாட்டணும்."

பிள்ளை குளிப்பாட்ட எனக்கா தெரியாது? அக்காவின் மூன்று பிள்ளைகளும் என் கால்மேல் குளித்தவர்கள்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை நுரைத்து, ஸ்வெட்டரை அமுக்கி அமுக்கி எடுத்தேன். முறுக்கவில்லை, தேய்க்கவில்லை. பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன்.

காய்ந்து இறங்கியபோது ஸ்வெட்டரின் இரண்டு கைகளும் அரைச் சாண் நீண்டிருந்தன. அவர் போட்டுப் பார்த்தார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"கையுறையும் சேத்துக் குடுத்துட்டியா புள்ள?" என்று சிரித்துவிட்டு மலையேறினார்.

அடுத்த சனிக்கிழமை இருமிக்கொண்டே இறங்கினார். ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது.

"ஏங்க, போடலையா?"

"போட்டா ஒரு மாதிரி பேசுறாக."

விடாமல் கேட்டதும் சொன்னார். மூட்டை கட்டும்போது முதலாளி அவரைப் பார்த்து, "என்னப்பு, கை ரொம்ப நீண்டுபோச்சு?" என்றாராம். காய் பொறுக்கும் பெண்கள் வரை சிரித்திருக்கிறார்கள். முதலாளி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஸ்டோர் சாவி வைத்திருப்பவரைப் பார்த்துக் கை நீளம் என்றால், அந்தப் பேச்சு ஸ்வெட்டரோடு நிற்குமா? அந்தக் கைக்குள் காப்படி ஏலக்காய் ஒளிக்கலாம் என்று அன்றைக்கே இன்னொருவன் சொல்லிவிட்டானாம்.

"இனிமே அது வேணாம். குளுரு ஒண்ணும் பண்ணாது" என்றவர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார்.

எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். பாதி முதலாளிமேல், பாதி என்மேல். மறுநாள் காலையில் கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். வெட்டினால் பின்னல் அவிழ்ந்துகொண்டே போகும் என்று கடைசி நொடியில் புத்தி வந்தது. கத்தரிக்கோலும் கையுமாகக் கொடியை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. குளிப்பாட்டியதெல்லாம் சரி. குளித்த பிள்ளையை யாராவது கொடியில் தொங்கவிடுவார்களா? துணியில் கிடத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க மாட்டோமா?

மறுபடி நனைத்தால் வழிக்கு வரும். ஆனால் எந்த அளவுக்குக் கொண்டுவருவது? அவர் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போட்டேன். அந்த எட்டு மாதத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் கையை அப்படி நான் தொட்டதே இல்லை.

"கூசுது புள்ள. என்ன சோலி இது?"

"அசையாதீக."

மூன்று சாண், இரண்டு விரற்கடை. சரிதானா என்று இன்னொரு முறை அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது முறையும் அளந்தேன்.

ஸ்வெட்டரை வெந்நீர் கலந்த தண்ணீரில் நனைத்து, பழைய வேட்டியில் சுருட்டி அழுத்தினேன். பிறகு உலர்ந்த வேட்டிமேல் நிழலில் பரப்பி, கைகளை மட்டும் நுனியிலிருந்து தோள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினேன். சாண் போட்டேன், ஒதுக்கினேன், மறுபடி சாண் போட்டேன். திங்கட்கிழமை விடியும்போது காய்ந்திருந்தது. போட்டுக்கொண்டு கையை நீட்டினார். மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் இருமல் இல்லாமல் இறங்கினார். முதலாளி கவனித்துவிட்டு, "என்னப்பு, கை சரியாப் போச்சே?" என்றாராம். முதலாளி முன்னால் வாயே திறக்காத மனிதர், "வீட்டுல அளவெடுத்து வச்சிருக்காக முதலாளி" என்று சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போதே என் முன்னால் நிற்கவும் வெட்கப்பட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அது கொடியைப் பார்த்ததே இல்லை. அக்குள் பக்கம் உரசித் திரளும் முடியுருண்டைகளை விரலால் பொறுக்குவேன். வெயில் காலத்தில் மடித்து, வசம்பு போட்டுப் பெட்டியில் வைப்பேன்.

அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை இன்னமும் அதைக் குளிப்பாட்டுகிறேன். வேட்டியில் கிடத்திக் கையை நேராக்கி, பழக்கத்தில் சாண் போடுகிறேன். விரல்கள் முன்போல் விரிவதில்லை. போன தடவை மூன்று சாணுக்குமேல் நான்கு விரற்கடை வந்தது. பதறிப்போய் மறுபடி அளந்தேன். அவர் கை நீளவில்லை, என் சாண்தான் சுருங்கிவிட்டது.