குறையே இல்லாத மூன்று வாரம்

நகரக் குடிநீர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைக் கட்டி மேய்க்க ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளம். உட்காரும் நாற்காலிக்குக் கை ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, புகார்கள் சேரும் சர்வரை மாற்ற வேண்டியிருந்தது. அந்நேரம் யாராவது புகார் அனுப்பினால் பழையதிலும் சேராது, புதியதிலும் சேராது. அதனால் படிவத்தை இரண்டு மணி நேரம் முடக்கிவைக்க அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினாள். பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்டில் ஒரே வரி. பெயர்க் கட்டம், தெருப் பட்டியல், 'அனுப்பு' பொத்தான் எல்லாம் ஒரே மூச்சில் சாம்பல் நிறமாயின. திறப்பதற்கும் ஒரே வரிதான். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது.

அதற்குள் அதிகாரி தன் திரையைப் பார்த்துவிட்டார். இன்றைய புகார்கள்: பூஜ்யம். உத்தியோகத்தில் சேர்ந்த நாள்முதல் அவர் காணாத காட்சி.

"திறக்க என்ன அவசரம்? தற்காலிகமாத்தானே மூடியிருக்கு, இருக்கட்டும்" என்றார்.

மூன்று வாரம் இருந்தது. குழாய்களில் தண்ணீர் வழக்கம்போல் வராமலிருந்தது. குறைகள் மட்டும் அடியோடு ஒழிந்தன. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதிகாரி எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். உண்மையைச் சொல்ல அவளுக்கு அது நல்ல சமயம்தான். வாய் நிறைய கேக் இருந்ததால் பேச முடியவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே அவள் தெருக் குழாய்களில் தண்ணீர் வருவது நின்றது. மூன்றாம் நாள் மாலை வீடு திரும்பியபோது மாமியார் கைப்பேசியில் புகார்ப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை மாற்றி, ஒவ்வொரு விரலாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தாயிற்றாம்.

"வயசாயிட்டா விரல்கூட வேலை செய்யாது போலிருக்கு."

மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "விரல் நல்லாத்தான் இருக்கு அத்தை. அதை மூடி வச்சது நான்தான்" என்றாள்.

மாமியார் திட்டவில்லை. காலி வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் படிவத்தைத் திறந்தாள். மதியத்துக்குள் அறுநூற்றுச் சொச்சம் புகார்கள் கொட்டின. அதிகாரி கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

அவள் அனுமதிக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு மணி நேரம் மூடத்தான் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். அதுக்கு மேல மூடி வைக்கவும் ஒரு கையெழுத்துக் குடுத்தீங்கன்னா இப்பவே மூடிடறேன்."

பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

அவள் தெருவில் பழுது பார்க்க வந்த ஆட்கள் வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்திருந்தார்கள் என்பது புகார்களைப் படித்த பிறகே தெரிந்தது. அன்று மாலையே தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் அவளுக்கு மாற்றல் உத்தரவும் வந்தது: ஆண்டு மலருக்குப் படம் ஒட்டும் பிரிவு.

புதிதாக அவள் இடத்துக்கு வந்தவர் முதல் நாளே போன் செய்தார். படிவத்தை மூடும் வரி எங்கே இருக்கிறது என்று சார் கேட்கச் சொன்னாராம்.

மறந்துபோயிற்று என்றாள்.