அலறன் சுவாமிக்கு ஒரு பன்றித்தொடை

இமெல்டாவின் கலியாணத்தன்று, "மத்தேயு என்னும் இவரை..." என்று சுவாமியார் கேள்வியைத் தொடங்கும்போதே அவள் "ஓம்" என்றுவிட்டாள். "கேள்வி முடியட்டும் பிள்ளை" என்று சொல்லி அவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். இரண்டாம் தரமும் பாதியிலேயே ஓம் வந்து விழுந்தது. பிறகு மாப்பிள்ளையின் முறை. கேள்வி முடிந்தது. கோயில் முழுக்கக் காத்திருந்தது. மத்தேயு யோசிக்கிறானா, மறந்துபோனானா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. முன்வாங்கிலிருந்த அவனுடைய மாமன் இருமிக் காட்டிய பிறகுதான் அவன் வாயிலிருந்து "ஓம்" புறப்பட்டது.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசமும் இருவரும் அப்படியேதான் குடும்பம் நடத்தினார்கள். மத்தேயு வாவியில் மீன்பிடிக்கிறவன். வலையை விட்டுவிட்டு வெயில் ஏறுமட்டும் தோணிக்குள் அசையாமல் இருப்பான். கொக்கு வந்து தோணி முனையில், அணியத்தில், இளைப்பாறிவிட்டுப் போகும். இமெல்டா சுவாமிமார் தங்கும் மிசன் வீட்டுக் குசினிக்காரி. அவள் உலை வைத்தால் அரிசி பயத்திலேயே வெந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். கூட்டத்தோடு செபமாலை சொல்லும்போது மற்றவர்கள் பாதியில் நிற்க, அவள் சிலுவை போட்டு எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு நிற்பாள்.

அவள் சமைத்துப் போட்டது ஹலறன் சுவாமிக்கு. அமெரிக்காவில், மெக்சிக்கோ நாட்டுக்கு எல்லையாக ஓடும் ஆற்றங்கரையில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வாய்களில் அந்தப் பேர் அகப்பட்டு 'அலறன் சுவாமி' ஆகிவிட்டது. மனிதர் அலறி ஒருவரும் கேட்டதில்லை. பிரசங்கத்தில்கூடப் பின்வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரல்.

அறுபதாம் ஆண்டு ஆனியில் சுவாமிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கி கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. இமெல்டா கஞ்சி வைத்தாள், கோழி ரசம் வைத்தாள், கோராமீனைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாக ஆக்கிப் பார்த்தாள். இரண்டு கரண்டியோடு பீங்கானைத் தள்ளிவிடுவார். தள்ளிவிட்டு "மிகவும் நன்று" என்று வேறு சொல்வார். அந்த 'மிகவும் நன்று'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சுவாமி, உண்மையச் சொல்லுங்க. எதச் சமைச்சாத் தின்னுவீங்க?" என்று ஒருநாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

சுவாமி யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய ஊரில் பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிக்கோக்காரி இருந்தாளாம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பன்றியின் தொடையைச் சீரகம், மிளகாய், தோடம்பழச்சாறு, ஏதோ ஒரு இலை எல்லாம் போட்டுத் தணலில் வைப்பாளாம். பொழுதுபடும் நேரத்தில் இறக்கி, இரண்டு முள்ளுக்கரண்டியால் இழுத்தால் இறைச்சி நூல்நூலாக வருமாம். அதைச் சோளமாவில் சுட்ட மெல்லிய ரொட்டியில் சுற்றி வேலிக்கு மேலாக நீட்டுவாளாம்.

இமெல்டாவுக்கு இவ்வளவும் போதும். அடுத்த நிமிசம் மத்தேயுவை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு விரட்டினாள். அங்கே அவனுடைய கூட்டாளி இளையதம்பியின் வட்டையில் நெல் முற்றிக்கொண்டிருந்தது. இரவானால் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து உழக்கிவிட்டுப் போகும். காவலில் சுட்டு விழுத்திய பன்றியின் ஒரு தொடையை இளையதம்பி வாழையிலையில் சுற்றித் தந்துவிட்டார்.

தொடை வந்தபோது காலை. சுவாமியின் மத்தியானச் சாப்பாட்டுக்கு அது மேசையில் இருந்தது. அடுப்பில் நெருப்பு ஆளுயரம் எழும்பியது என்று பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் சொன்னாள். தேங்காய்ப்பூவை வறுத்து அரைத்த கறுப்புக்கறி. மணம் நன்றாகத்தான் இருந்தது. சுவாமி இரண்டு முள்ளுக்கரண்டியையும் குத்தி இழுத்தார். இறைச்சி வரவில்லை. பீங்கான்தான் வந்தது.

"இமெல்டா, இதை மெல்ல வேண்டும்" என்றார் சுவாமி.

"மெல்லத்தான் வேணும் சுவாமி. பின்ன என்னத்துக்குக் கடவுள் பல்லத் தந்தவர்?"

"அது அல்ல. மெல்லச் சமைக்க வேண்டும். மெல்லச் சமைத்தால் மெல்லத் தேவை இல்லை."

இமெல்டா அவரைப் பார்த்தாள். காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாள். சுவாமி புத்தகத்தில் தமிழ் படித்தவர். விட்டுக்கொடுக்காமல் இன்னொரு வழியாகச் சொன்னார்: "அது வேகமாக வேகக் கூடாது."

வாசலில் வலைநூல் முறுக்கிக்கொண்டிருந்த மத்தேயு சற்றுப் பொறுத்து, "ஆறுதலா, அவதிப்படாம ஆக்கச் சொல்லுறார்" என்றான். இருபத்தைந்து வருசமாக அவன் சொல்லவிரும்பியதை இன்னொருவர் சொன்னதில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

இளையதம்பி அனுப்பிய இரண்டாம் தொடையை இமெல்டா சிறு தணலில்தான் வைத்தாள். ஆனால் சட்டியை மூடிவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் வித்தை அவளுக்குப் பழக்கமில்லை. மூடியைத் திறந்தாள். துழாவினாள். மூடினாள். கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வந்து திறந்தாள். இன்னும் வேகவில்லையே என்று ஒரு கொள்ளியைத் தள்ளினாள். தண்ணீர் வற்ற, தண்ணீர் விட்டாள். பொழுதுபட்டபோது மேலே அவிந்தும் கீழே கருகியும் நடுவே பச்சையாகவும் மூன்று குணத்தோடு ஒரு தொடை கிடந்தது. சுவாமி "மிகவும்..." என்று தொடங்கினார். அவள் பீங்கானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று அவள் குசினி வாசலில் குந்தியிருந்து அழுதாள். அழுகையும் அவளுக்குக் கெதியாக, ஒரு நொடிக்குள்தான் முடியும். மத்தேயு பக்கத்தில் வந்து இருந்தான்.

"இஞ்ச பாரு புள்ள. மில்லுக்குப் பின்னால உமிக்கும்பி ஒண்டு புகைஞ்சுகொண்டு கிடக்கு. ரெண்டு நாளா ஒருத்தரும் ஊதல்ல, விறகு வைக்கல்ல. அது தன்ர பாட்டுல எரியுது" என்றான்.

"அதுக்கு?"

"சட்டிய அதுக்குள்ள வைப்பம்."

"நான் திறந்து பார்ப்பன். எனக்கு என்னத் தெரியும்" என்றாள் இமெல்டா. தன்னைப் பற்றி அவள் இவ்வளவு நேராகச் சொன்னது அதுதான் முதல் தரம்.

மத்தேயு அதற்கும் வழி யோசித்திருந்தான். யோசிக்க அவனுக்கு எப்போதும் நேரம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிசன் வீட்டுப் பின்வளவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி உமியை நிரப்பினான். இமெல்டா இளையதம்பியிடமிருந்து வந்த மூன்றாம் தொடைக்கு உப்பும் சீரகமும் அரைத்த செத்தல் மிளகாயும் பூசி, உள்ளியைத் தட்டிப் போட்டு, தோடம்பழத்தையும் தேசிக்காயையும் பிழிந்துவிட்டாள். அந்தப் பேர் தெரியாத இலைதான் மிச்சம். தடிமன், சளிக்கு அவித்துக் குடிக்க என்று வேலியோரம் நட்டிருந்த கற்பூரவள்ளிவரை, வளவிலிருந்த ஒவ்வொரு இலையாக அவள் கசக்கிச் சுவாமியின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். வேப்பிலைக்கு முகத்தைச் சுளித்தார். துளசிக்கு இல்லை என்று தலையை ஆட்டினார். கற்பூரவள்ளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். "ஏறக்குறைய" என்றார்.

மத்தேயு மூடியை வைத்துச் சுற்றிவர அரிசிமாக் களியை அப்பி அடைத்தான். சட்டி குழிக்குள் இறங்கியது. மேலே உமி, அதற்கு மேலே தணல். பக்கத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுச் சுவாமியை இருத்தினான்.

"சுவாமி, காவல் உங்கட பொறுப்பு. ஆர் வந்தாலும் திறக்க விடாதீங்க."

"ஆர் வந்தாலுமா?" என்று கேட்டுச் சுவாமி இமெல்டாவைப் பார்த்தார்.

"அவள நான் கூட்டிக்கொண்டு போறன்."

ரொட்டிக்குச் சோளமா வேணும். இளையதம்பி வீட்டில்தான் சேனைச் சோளம் இருக்கிறது. நீயும் வா என்று அவன் சொன்னபோது அவளுக்குத் தந்திரம் விளங்கத்தான் செய்தது. என்றாலும் தோணியில் ஏறினாள். ஏறிய உடனேயே, "கெதியாக் கம்பை ஊண்டித் தாங்குங்க. உமி அணைஞ்சிருக்கும்" என்றாள். நடுவாவியில், "கருகியிருக்கும்" என்றாள். கரை தட்டும்போது, "சுவாமி நித்திரையாப் போயிருப்பார்" என்றாள்.

இளையதம்பியின் பெண்சாதி அன்னப்பூரணி திரிகையில் மாவரைத்துக் கொடுத்தாள். திரிகையின் பிடியை இமெல்டாவே பாதியில் பறித்து அவள் வேகத்துக்குச் சுழற்றினாள்.

"மச்சாள், கல்லுக்குத் தலை சுத்தப் போகுது" என்றாள் அன்னப்பூரணி.

திரும்பி வரும்போது கச்சான் காற்று எழும்பிவிட்டது. வாவி முழுக்க வெள்ளை நுரை. அலைத்தண்ணீர் தோணிக்குள் தெறித்தது. மாச்சாக்கு நனையப்போகிறது என்று மத்தேயு கண்டல் மரங்களின் மறைவில் தோணியைக் கட்டினான்.

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"காத்து அடங்குமட்டும்."

"எப்ப அடங்கும்?"

"அது காத்துக்குத்தான் தெரியும்."

இமெல்டா எழும்பினாள், இருந்தாள். தோணி ஆடியது. மாச்சாக்கை இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு செபமாலையை முடித்தாள். காற்று முடியவில்லை. கடைசியில் செய்ய ஒன்றுமில்லாமல் புருசனைப் பார்த்தாள். அவன் பாட்டில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாள் முழுக்க இதுக்குள்ள இருந்து என்னதான் செய்யிறீங்க?"

மத்தேயு வழக்கம்போல நேரம் எடுத்தான். "ஒண்டும் இல்ல."

"ஒண்டுமே இல்லையா?"

"மீனப் பத்தி நினைப்பன். அது முடிஞ்சா உன்ன நினைப்பன்."

இமெல்டா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக் கண்டல் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. வேர்களுக்கு இடையில் தண்ணீர் மெதுவாகச் சப்புக்கொட்டியது. சீலைத் தலைப்பை மாச்சாக்கின் மேல் விரித்துத் தலையை வைத்தாள், சும்மா ஒரு கண் அயரத்தான்.

கண் விழித்தபோது காற்று இல்லை. வாவி எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. வெயில் சாய்ந்துவிட்டது.

"காத்து எப்ப நிண்டது?"

"அப்பவே."

"எழுப்பியிருக்கலாமே."

"நீ நல்லா வெந்துகொண்டிருந்தாய். மூடியத் திறக்கக் கூடாது எண்டு விட்டுட்டன்."

அவள் அவனுடைய முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சிரித்தாள். கரை வருமட்டும் சிரிப்பு விட்டுவிட்டு வந்தது.

மிசன் வீட்டு வளவில் ஆட்கள் நின்றார்கள். மணம் ஊருக்குள் போயிருந்தது. தீர்த்தம் வாங்க என்று ஒருவர், மகளின் கலியாண ஓலையைக் கோயிலில் வாசிப்பது பற்றிக் கேட்க என்று ஒருவர். சின்னத்தங்கமோ இந்தப் பக்கம் வராத தன் ஆட்டைத் தேடி வந்திருந்தாள். சுவாமி கதிரையில் நேராக இருந்தார். கையில் ஒரு தடி. சட்டி போட்டபடி கிடந்தது.

களியை உடைத்து மூடியை எடுத்ததும் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். இமெல்டா எலும்பைப் பிடித்துத் தூக்கினாள். எலும்பு மட்டும் வந்தது, கழுவித் துடைத்ததுபோல. இறைச்சி சட்டிக்குள் தன் பாட்டில் குலைந்து கிடந்தது. சுவாமி இரண்டு முள்ளுக்கரண்டியாலும் இழுத்தார். நூல்நூலாக வந்தது. அவசரத்தில் அவள் தட்டிய சோளரொட்டி ஓரம் கிழிந்து இலங்கைப் படத்தைப்போல இருந்தது. அதில் வைத்துச் சுற்றி, ஒரு கடி கடித்தார்.

எல்லாரும் அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது அது அல்ல" என்றார் சுவாமி.

இமெல்டாவின் முகம் விழுந்தது. "அப்ப விடுங்க சுவாமி. தாங்க" என்று பீங்கானைப் பிடித்தாள். சுவாமி விடவில்லை. மெலிந்துபோன அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "அது அல்ல" என்று மறுபடியும் சொல்லிக்கொண்டே இரண்டாவது ரொட்டியைச் சுற்றினார். மூன்றாவதைச் சுற்றும்போது ஒன்றும் சொல்லவில்லை. சின்னத்தங்கத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஆட்டை அவள் மறந்தே போனாள்.

அதன் பிறகு பன்றி அகப்படும் ஞாயிறுகளில் பின்வளவில் உமி புகையும். இமெல்டா மத்தேயுவோடு தோணியில் போய்விடுவாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "இறைச்சி வேகட்டும் எண்டு" என்பாள். ஊரில் அந்தச் சாப்பாட்டுக்கு 'அலறன் இறைச்சி' என்று பேர் வந்தது. மற்ற ஆறு நாளும் அவளுடைய அடுப்பு பழையபடி ஆளுயரம் எரிந்தது.

சுவாமி அறுபத்தாறில் தன் நாட்டுக்குப் போய்விட்டார். எழுபத்துமூன்றில், மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், புதிதாக வந்த ஓர் இளம் சுவாமியிடம் இமெல்டாவுக்கென்று ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே வயர் பூட்டிய ஒரு சட்டி. காலையில் கறண்டைப் போட்டால் பொழுதுபடும்வரை மெல்ல மெல்ல அவிக்குமாம். அமெரிக்காவில் இப்போது எல்லா வீட்டிலும் இதுதானாம். குழியும் வேண்டாம், உமியும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

இமெல்டாவின் வீட்டில் கறண்ட் இல்லை. மிசன் வீட்டில்தான் இறைச்சியைப் போட்டு மூடி, பிளக்கைக் குத்தினார்கள். அந்த நாட்டுக் கறண்ட் நம்முடையதில் பாதிதான் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. தோணிக்குப் போகச் செருப்பைக் கொளுவுவதற்குள் சட்டி கொதித்துவிட்டது. மூடி கூத்தாடியது. அடியிலிருந்து கறுப்புப் புகை வந்தது. பிறகு டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க விளக்குகள் போய்விட்டன.

இளம் சுவாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். இமெல்டாவோ ஐம்பத்தெட்டு வயதில், தன் உடன்பிறப்பைக் கண்டவளைப்போல அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு நான் என்ன சொல்ல?" என்று இளம் சுவாமி கேட்டார்.

"நல்லா அவிக்குது எண்டு சொல்லுங்க சுவாமி" என்றாள். "எவ்வளவு கெதியா எண்டு மட்டும் சொல்லாதீங்க."